கேட்டால்தான் கொடுப்பார்

என் மாமியார் யாருடைய தட்டைப் பார்த்தும் "இன்னும் கொஞ்சம் போடவா" என்று சொல்லி நான் கண்டதில்லை. ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி குழம்பு. அத்தோடு சட்டியை மூடிவிட்டுத் தன் தட்டோடு உட்கார்ந்துவிடுவார். விருந்தாளியானாலும் பெற்ற பிள்ளையானாலும் இதுதான். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் மலையில் பூண்டியில் அவர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். மூன்று நாளும் அரை வயிறு. மலைக் குளிரில் பசி வேறு மாதிரி எடுக்கும் என்பது கீழே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. தட்டை வழித்துவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நாலாம் நாள் நாங்கள் பழனிக்குக் கிளம்பும்போது சொன்னார்:

"மூணு நாளும் பானையில சோறு மிச்சம் கெடந்துச்சு புள்ள. நாய்க்குத்தான் போட்டேன். ஒனக்கு வாய் இருக்குல்ல?"

பஸ்ஸில் என் வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் சிரித்தார்.

"எங்கம்மா அப்பிடித்தான். கேட்டா கட்டியிருக்குற சேலையக்கூட அவுத்துக் குடுக்கும். கேக்காட்டி பச்சத் தண்ணி கெடைக்காது."

எனக்கோ கேட்பதுதான் வராது. ஐந்தாவது வரைக்கும் பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் படித்தேன். தாகம் எடுத்தாலும் டீச்சரிடம் எழுந்து சொல்லமாட்டேன். கடைக்குப் போனால் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். கடைக்காரராகப் பார்த்து "ஒனக்கு என்னம்மா" என்றால்தான் உண்டு. இப்படிப்பட்டவளுக்கு அப்படிப்பட்ட மாமியார்.

அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். லயம் என்று சொல்வார்கள், வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள், அங்கேதான் கல்யாணம், அங்கேதான் பிள்ளை. என் வீட்டுக்காரர் பையனாக இருக்கும்போது, இந்தியாவுக்குப் போ என்று கப்பல் ஏற்றிவிட்டார்கள். வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஒரு அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்து, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று எழுதிக்கொண்டிருந்தாராம். அந்தக் கதையை மாமியார் சொல்லும்போது யார்மேலும் கோபம் இருக்காது.

"வாயத் தொறந்து கேட்டவகளுக்கு ஊரு கெடச்சது. ஒங்க மாமா கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. பாவம்னு நெனச்சு அவுகளா நல்ல எடமா எழுதுவாகன்னு நெனப்பு. கொண்டாந்து குளுருல எழுதிப்புட்டாக."

மாமாவை நான் பார்த்ததில்லை. இங்கே வந்த நாலாம் வருஷமே போய்விட்டார்.

தோட்டத்து வழக்கங்கள் சிலதை அவர் விடவே இல்லை. டீயை அவர் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். அதில் பால் கிடையாது, சீனியும் போடமாட்டார். சீனி உள்ளங்கைக்கு. ஒரு நக்கு, ஒரு மடக்கு. ஆனால் நாம் கையை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் கசப்பாகவே குடிக்க வேண்டியதுதான். கை நீட்டக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

கொடுக்கும்போது அளவே இருக்காது. தபால்காரர் ஒருநாள் "ஒங்க கம்பளிச் சட்டை கதகதன்னு இருக்கும்போல" என்றார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் ஒரு பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே "எனக்குத்தான் குடுங்களேன்" என்றதும், அங்கேயே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பதறிப்போனார். வேண்டாம் என்றாலும் இவர் விடவில்லை. "கேட்டீகல்ல. கேட்டுப்புட்டு என்ன வேணாங்குறது?" தபால்காரர் மறுநாள் அதை வேலியில் மாட்டிவிட்டு ஓடினார் என்று கேள்வி.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா நேரமும் சிரிப்பாக இருந்ததில்லை.

அவர் வீட்டில் அடுப்புக்கு மேலே மூங்கிலில் பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். புகை படப் படக் கெடாமல் இருக்கும். ஒரு தடவை அவர் தோட்ட வேலைக்குப் போய்வருவதற்குள் நல்ல ரசம் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு கொத்தை இறக்கி உரிக்க ஆரம்பித்தேன். பாதியில் அவர் வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். நான் கடைசிப் பல்லையும் உரித்து முடிக்கும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

"அது வெதப்பூண்டு. வார மாசம் ஊன வச்சிருந்தது."

உரித்த பல்லையெல்லாம் கையில் அள்ளிக்கொண்டேன். "பாத்துக்கிட்டே இருந்தீகளே, சொல்லியிருக்கலாம்ல அத்தே?"

"இத எடுக்கட்டுமான்னு நீ கேக்கலயே."

திட்டவில்லை. அந்த ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அந்த வருஷம் ஒரு பாத்தி வெறுமனே கிடந்தது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஒரு பயம் வந்தது. அது போகவே இல்லை.

பயம் மட்டும் இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். என் மகள் பிறந்து ஆறு மாதத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. பேசிக் கேட்க வராதே தவிர எழுதினால் கொஞ்சம் வரும். ஒரு கார்டில் "அத்தை வரவும்" என்று மட்டும் எழுதிப் போட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரையோ பிடித்துப் படிக்கச் சொல்லிவிட்டு, கார்டு போன அன்றைக்கே மலையிறங்கி வந்துவிட்டார். கீழ்நாட்டு வெயில் அவருக்கு ஆகாது. உடம்பெல்லாம் தடித்துப்போகும். சொறிந்துகொண்டே இருபத்தைந்து நாள் இருந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். என் சேலைகளைத் துவைப்பார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். என்னைப் பெற்றவள்கூடச் செய்திருக்கமாட்டாள். நான் அழுதேன். "எழுதிக் கேட்டயில்ல" என்றார், அவ்வளவுதான்.

அந்த மகள்தான் சுகந்தி. அவளுக்குப் பதினாலு வயது நடக்கும்போது, இரண்டாயிரம் பிறந்து நாலு வருஷம் ஆகியிருக்கும், மழை அடியோடு நின்றுபோனது. கொய்யாத் தோப்பெல்லாம் நின்ற நிலையில் காய்ந்தது. என் வீட்டுக்காரருக்குத் தோப்பு வேலை. தோப்பு போனதும் வேலையும் போனது. ஒரு நேரம் சமைத்து இரண்டு நேரம் சாப்பிட்டோம். சுகந்தியின் படிப்பு ஒன்பதாவதில் நின்றது.

அப்போதுதான் மில்லுக்கு ஆள் எடுக்கிறவர் தெருவுக்கு வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில். பெண் பிள்ளைகளை உள்ளேயே தங்கவைத்து வேலை வாங்குவார்கள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு ஆகும்படி மொத்தமாக ஒரு தொகை. நடுவில் வந்தால் ஒன்றும் இல்லை. வயதைக் கேட்டால் பதினாறு என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளையாவது மூன்று வேளை சாப்பிடட்டும் என்றார். சுகந்திக்கும் ஆசை. ஹாஸ்டலில் டிவி இருக்கிறதாம், கூடப் படித்த இரண்டு பேர் போகிறார்களாம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் அதே மாதிரி ஒரு மில்லுக்குப் போய் ஒன்றரை வருஷத்தில் திரும்பியிருந்தாள். இருமிக்கொண்டே இருப்பாள். என்ன ஆச்சு என்றால் சுவரைப் பார்ப்பாள். தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவேன். ஆனால் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் "வேற என்ன வழி வச்சிருக்க" என்பார். என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது மலைமேல் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மில் வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் சொன்னேன், பிள்ளையை அத்தையிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன் என்று.

"போயிட்டு வா. ஞாயித்துக்கெழம பொழுதுக்குள்ள வந்துரணும்."

சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, கொடைக்கானலில் வண்டி மாறி, பூண்டியில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மேலேயும் அவ்வளவு செழிப்பில்லை. ஓடை பாதியாகச் சுருங்கியிருந்தது. மாமியாரும் சுருங்கியிருந்தார். கன்னத்து எலும்பு தெரிந்தது. ஆனால் பேச்சு அப்படியேதான்.

"வந்தீகளா. அடுப்புல தேத்தண்ணி இருக்கு."

சுகந்தி உடனே இரண்டு கையையும் நீட்டினாள். "அப்பாயி, சீனி. நெறையா." அவர் அள்ளிப் போட்டார். அவளுக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். அவள் எதையும் கேட்டுவிடுவாள், இவர் கொடுத்துவிடுவார்.

நான் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அத்தே, இவ ஒங்ககிட்ட இருக்கட்டும். நாலே வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டேன். அவருக்கே சாப்பாட்டுக்கு இல்லாதபோது இன்னொரு வயிற்றை எப்படி விட்டுவிட்டுப் போவது?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுகந்தி ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பாயி, நான் மில்லுக்கு வேலைக்குப் போறேன். திங்கக்கெழம வேன் வருது. ஹாஸ்டல்ல டிவியெல்லாம் இருக்கு. மூணு வருசம்."

மாமியார் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பிடியா" என்றார். மறுபடி ஊதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரட் பாத்தியில் களை எடுக்கப் போனோம். ஒரு மணி வண்டியை விட்டால் அன்றைக்குப் பழனி போய்ச் சேர முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் குனிந்திருந்தோம். சுகந்தி ஓடைக்குப் போயிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வராது.

அவராகவே ஆரம்பித்தார். "என்ன சோலியா வந்தீக?"

"சும்மாதாங்க அத்தே. பாத்துட்டுப் போகலாம்னு."

"பாத்தாச்சுல்ல."

"ஆமாங்க."

அவர் நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் களையோடு ஒரு கேரட்டையும் பிடுங்கிவிட்டேன். அதை மறுபடி மண்ணில் ஊன்றி, மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். சுகந்தி வந்துவிட்டாள்.

எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில் அவளுடைய நோட்டு ஒன்று பையில் இருந்தது. ஆனால் அதைப் படித்துக் காட்டப் போவது யார்? அந்த வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் என்னைவிட்டால் சுகந்திதான்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டோம். கிளம்பும்போது சுகந்தி அவர் காலில் விழுந்தாள்.

"துன்னூறு பூசிவிடுங்க அப்பாயி."

நாங்கள் போனதடவை கொண்டுவந்து கொடுத்த பழனித் திருநீறு தகர டப்பாவில் இருந்தது. மாமியார் அதைத் திறந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பூசாதீக அத்தே, பூசாதீக என்று உள்ளுக்குள் சொன்னேன். பூசிவிட்டால் அனுப்பிவைத்ததாகத்தானே அர்த்தம். அவர் கட்டை விரலால் நெற்றி நிறையப் பூசிவிட்டார். பூசும்போதும் என்னைத்தான் பார்த்தார்.

எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது.

அடுத்த ஊரான கிளாவரையிலிருந்து வந்த வண்டி நிறைய ஆள். மேலே கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கும் சுகந்திக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் கொடைக்கானலுக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். மாமியார் ரோட்டோரம் நின்றார். கை காட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மூட்டையும் ஏறிவிட்டது. மேலே இருந்தவர் கூரையைத் தட்டினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பக்கத்தில் சுகந்தி இருமினாள். வெறும் புகைதான், டீசல் புகை. ஆனால் எனக்குக் குழாயடியில் நின்ற அந்தப் பெண்ணின் இருமல் காதில் விழுந்தது.

"அத்தே" என்று கத்தினேன்.

என் குரலா என்று எனக்கே சந்தேகம். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அத்தே, இவ ஒங்ககிட்ட இருக்கட்டும். மில்லுக்கு வேணாம். வச்சுக்கங்க அத்தே. அங்க அனுப்ப எனக்குப் பயமா இருக்கு."

"அம்மா, பேசாம இரும்மா" என்று சுகந்தி என் கையைக் கிள்ளினாள்.

மாமியார் ரோட்டைக் கடந்து வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். டிரைவர் பிரேக் போட்டார்.

"ஏலே, ஒரு ஆளு எறங்கணும்."

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சொன்னார், "டிக்கெட்டு கிழிச்சாச்சு ஆத்தா."

"கிழிச்சது கெடக்கட்டும். நீ கதவத் தொற."

"நான் எறங்க மாட்டேன்" என்றாள் சுகந்தி. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "நீங்கதான அப்பாயி துன்னூறு பூசுனீக? இப்ப எறங்கச் சொல்றீக?"

"பூசச் சொல்லிக் கேட்ட, பூசுனேன்."

"அப்ப நான் போகணும்."

"போகட்டுமான்னு நீ என்னையக் கேக்கல. போறேன்னு சொன்ன. ஒங்காத்தா கேட்டுட்டா. எறங்கு."

முன் சீட்டில் பூண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "எறங்கு பாப்பா. இவுக பேச்ச முடிக்கிறதுக்குள்ள எனக்குத் திண்டுக்கல் வண்டி போயிரும்" என்றார். பின்னால் ஒரு பெண் அவரை அதட்டினாள், "ஒமக்கு வண்டி பெருசு, அவுகளுக்குப் பிள்ள பெருசு. சும்மா இரும்யா."

சுகந்தி இறங்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியார் அவள் கையைப் பிடிக்கவில்லை, தலையைத் தடவவில்லை. முன்னால் நடந்தார். அவள் பத்தடி பின்னால் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். வண்டி திரும்பும் வரைக்கும் பார்த்தேன்.

இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தேன். தனியாக வந்து நின்றவளைப் பார்த்து என் வீட்டுக்காரர், பிள்ளை எங்கே என்றார். சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. "அம்மாகிட்டயே சாப்பாடு இல்லயே, எப்பிடிடி விட்டுட்டு வந்த?" என்றார். மறுநாள் வேன் வந்தபோது அவர் வெளியே வரவில்லை. நானே வாசலில் நின்று, அவள் வரவில்லை என்று மில் ஆளிடம் சொன்னேன். அந்த ஆள் பேசிய பேச்சை எழுத வேண்டாம்.

மேலே அவர்கள் இரண்டு பேரும் அந்த வருஷத்தை எப்படிக் கடந்தார்கள் என்று முழுதாக எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு தோண்டிய காட்டில் மிச்சம் பொறுக்கி அவித்துத் தின்றதாக சுகந்தி பிறகு சொன்னாள். மாமியார் அவளை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஹெட்மாஸ்டர் முன்னால் போய், இடம் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டாராம். கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. சுகந்தி பத்தாவது பாஸ் பண்ணினாள். அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாள். இப்போதும் வீட்டில் சண்டை வந்தால், மில்லுக்குப் போயிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன் என்பாள். இருந்தாலும் இருந்திருப்பாள். யாருக்குத் தெரியும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, மழையெல்லாம் திரும்பி வந்த பிறகு, ஒரு மாதம் பூண்டியில் இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் நானும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு முறம். அப்போதெல்லாம் அவரிடம் எனக்குக் கொஞ்சம் வாய் வந்திருந்தது. ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"அத்தே, அன்னிக்கு வண்டியில நான் கேக்காமப் போயிருந்தா?"

"போயிருப்பா."

"எதுக்கு வந்தேன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"சனிக்கெழம நீ வந்து நின்னப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் விட்டிருப்பீகளா?"

அவர் கை நிற்கவில்லை. ஒரு பட்டாணியை உரித்து, மணிகளை முறத்தில் போட்டு, தோலைப் பக்கத்தில் போட்டார்.

"விட்டிருப்பேன்."

அவருக்குப் பொய் சொல்ல வராது. சும்மாவாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பாதி உரித்த பட்டாணியை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தேன். வெளியே போய்ப் பாத்தி ஓரம் நின்றேன். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. உள்ளே போகவே கூடாது என்று நின்றேன்.

குளிர் தாங்காமல் திரும்பியபோது கதவு வழியாக உள்ளே தெரிந்தது. அவர் என் முறத்தையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, என் பங்குப் பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தார்.